குடல் அழற்சியும் வைட்டமின் டியும்: புதுக்கோட்டை வெயிலில் கற்ற பாடங்கள்

குடல் அழற்சி நோய் என்பது உடலின் எதிர்ப்பாற்றல் குடல் சுவரையே தாக்கி, அங்கே வீக்கத்தையும் புண்ணையும் உண்டாக்கும் நீண்டகால நோய். இதில் இரண்டு வகை முக்கியமானவை. பெருங்குடலை மட்டும் பாதிப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அது மலக்குடலில் தொடங்கி இடைவெளி இல்லாமல் மேல்நோக்கிப் பரவும். மற்றொன்று குரோன் நோய். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம் வரும். இடையிடையே நல்ல குடலை விட்டுவிட்டு, தொட்ட இடத்தில் குடல் சுவரின் முழுத் தடிமனுக்கும் இறங்கும். நியூயார்க் மருத்துவர் பர்ரில் குரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1932இல் விவரித்ததால் அந்தப் பெயர். இரண்டும் பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில், அதாவது படிக்கிற, வேலை தேடுகிற, கல்யாணம் பேசுகிற பருவத்தில் தலைகாட்டுகின்றன. அடங்கியிருக்கும், மறுபடி கிளம்பும். அடியோடு தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் நன்றாகவே உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்நோய் தன் சொந்தப் பெயரில் அறியப்படுவது அரிது. மலத்தோடு ரத்தம் போனால் மூலம் என்பார்கள். சளியும் ரத்தமும் கலந்து போனால் சீதபேதி. வயிற்றில் எந்த வலி வந்தாலும் அல்சர். ஆசனவாய் ஓரத்தில் கட்டி வந்து, உடைந்து, சீழ் வடிந்துகொண்டே இருந்தால் பௌத்திரம். ஆபரேஷன் இல்லாமல் மூலத்தையும் பௌத்திரத்தையும் குணமாக்குவதாகச் சொல்லும் சுவர் விளம்பரங்கள் ஊர் ஊருக்கு உண்டு. ரத்தப்போக்கு உள்ள இளைஞர்கள் முதலில் போய் நிற்பது பல நேரம் அங்கேதான். குரோன் நோயின் முதல் அடையாளமே பௌத்திரமாக இருக்கலாம் என்பது அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. நோய் தெரிவதற்கு முன் கழிந்துபோகும் இந்த மாதங்களும் வருடங்களும்தான் நோயாளிக்கு ஏற்படும் முதல் இழப்பு.

இரண்டாவது சிக்கல் காசநோய். குடல் காசநோயும் குரோன் நோயும் ஒரே இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலையில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் வரும். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், திசுப் பரிசோதனை மூன்றும் பார்த்த பிறகும் இரண்டையும் பிரிக்க முடியாமல், முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது இந்தியாவில் நடைமுறையாக இருக்கிறது. வைட்டமின் டிக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. அது பின்னால் வரும்.

இது மேலைநாட்டு நோய், நமக்கு வராது என்று மருத்துவர்களே நம்பிய காலம் இருந்தது. பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றின் முடிவு 2003இல் வெளியானபோது, லட்சம் பேருக்கு 44 பேர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்கள் என்று தெரியவந்தது. அதன்பின் அந்த நம்பிக்கைக்கு இடமில்லாமல் போயிற்று. அதே ஆண்டுகளில் இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. வெயில் நிறைந்த நாட்டில் வைட்டமின் டி குறையாது என்பது அது.

வைட்டமின் டி உணவில் கிடைப்பதைவிடத் தோலில் உண்டாவதே அதிகம். சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டதும் அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. அது கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றமும், சிறுநீரகத்துக்குப் போய் மற்றொரு மாற்றமும் அடைந்த பிறகுதான் வேலை செய்யும் ஹார்மோன் ஆகிறது. ரத்தப் பரிசோதனையில் அளப்பது கல்லீரல் உண்டாக்கும் இடைநிலை வடிவத்தை. சீட்டில் '25 ஹைட்ராக்சி வைட்டமின் டி' என்று இருக்கும். கடைசி வடிவத்தை அளக்கும் தனிப் பரிசோதனை ஒன்றும் உண்டு. உடலில் இருப்பு எவ்வளவு என்பதை அது காட்டாது. இரண்டில் எது என்று பார்க்காமல் பணம் கட்டிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் எழுதியதும் ஆய்வகம் எழுதியதும் ஒன்றுதானா என்று சீட்டைப் படித்துப் பார்ப்பது நல்லது.

குடலில் இந்த ஹார்மோனுக்கு இரண்டு விதமான வேலை. முதலாவது பழையது, எல்லோரும் அறிந்தது: சுண்ணாம்புச்சத்தை உறிஞ்ச வைப்பது. வைட்டமின் டி போதாதபோது, உண்ணும் கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் உடலில் சேரும். போதுமானபோது 30 முதல் 40 சதவீதம் வரை சேரும். இரண்டாவது வேலை அண்மையில் தெரியவந்தது. குடலின் உள்பக்கத்தை மூடியிருக்கும் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டியிருக்க உதவும் புரதங்களை இது தாங்கிப் பிடிக்கிறது. அந்த ஒட்டு தளர்ந்தால் குடலுக்குள் இருக்கவேண்டிய பாக்டீரியாவும் அதன் கழிவும் சுவருக்குள் கசிந்து அழற்சியைக் கிளப்பும். பாக்டீரியாவை அடக்கும் இயற்கைப் புரதங்களைச் சுரக்க வைப்பதும், எதிர்ப்பாற்றல் செல்கள் அளவுக்கு மீறிக் கொதித்தெழாமல் தணிப்பதும் இதன் பங்குதான். இதன் கட்டளையை ஏற்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் குடலில் சிறு காயம் ஏற்படுத்தினாலும் கடுமையான அழற்சி வந்ததை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன.

எலியில் தெரிந்ததை அப்படியே மனிதனுக்குச் சொல்லிவிட முடியாது. குடல் அழற்சி உள்ளவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. குறைவால் நோய் வந்ததா, நோயால் குறைவு வந்ததா என்பதுதான் கேள்வி. இரண்டாவதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. நோய் கிளம்பியவர் வெளியே போவதில்லை. கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டுமே என்ற ஒரே கவலை அவரை வீட்டுக்குள் கட்டிப்போடுகிறது. மீன், முட்டை, பால் என்று ஒவ்வொன்றாகச் சாப்பாட்டிலிருந்து விலகுகிறது. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. அது உடலில் சேரப் பித்த உப்பு வேண்டும். அந்தப் பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்புவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. குரோன் நோய் அதிகம் தாக்குவதும், ஆபரேஷனில் வெட்டி எடுக்கப்படுவதும் அதே பகுதி. பாஸ்டனில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அடங்கிய நிலையில் இருந்த குரோன் நோயாளிகள்கூட ஆரோக்கியமானவர்களைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே வைட்டமின் டியை உறிஞ்சினார்கள். ஒருவருக்கு நன்றாக ஏறும் மருந்து மற்றவருக்குப் பாதிதான் ஏறும் என்ற பெரிய வேறுபாடும் அதில் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த அளவைத் தானும் சாப்பிடுவது ஏன் பலிக்காது என்பதற்கு இதுவே காரணம்.

மாத்திரையாகக் கொடுத்தால் நோய் அடங்குமா? டென்மார்க்கில் 94 குரோன் நோயாளிகளிடம் நடந்த சோதனை 2010இல் வெளியானது. தினம் 1200 யூனிட் வைட்டமின் டி3 எடுத்தவர்களில் ஓராண்டில் 13 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலும் ஆட்கள் குறைவு என்பதால் புள்ளிவிவர முறைப்படி அது உறுதிப்படவில்லை. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை 2019இல் வெளியிட்ட ஆய்வில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கிளம்பிய நிலையில் இருந்த 60 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு நாள் தொடர்ந்து அதிக அளவு கொடுத்தபோது நான்காவது வாரத்தில் அவர்களுடைய நோயின் வேகம் குறைந்திருந்தது. 2023இல் காக்ரேன் அமைப்பு 22 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. வைட்டமின் டி எடுத்தவர்களிடம் நோய் திரும்புவது குறையக்கூடும், ஆனால் சான்றின் தரம் தாழ்வானது என்று முடிவு சொன்னது. நோயை அடக்கும் மெசலமின், அசதையோபிரின், ஊசி மருந்துகள் இவற்றுக்குப் பதிலாக வைட்டமின் டியை வைப்பதற்கு இவற்றில் எதுவும் இடம் கொடுக்கவில்லை. குறைவைச் சரிசெய்வதற்கு எலும்பு ஒன்றே போதுமான காரணம். குடலுக்கும் நல்லது செய்தால் அது கூடுதல் லாபம்.

இனி வெயில். புதுக்கோட்டை நகரம் வடக்கு அட்சரேகை 10.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். மார்கழியிலும் உச்சிவேளை நிழல் ஆளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீளாது. பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எவ்வளவு நேரம் வெளியில் நின்றாலும் தோலில் வைட்டமின் டி உண்டாவதில்லை. இங்கே அப்படி ஒரு மாதமும் கிடையாது. ஆனாலும் குறைவு இருக்கிறது. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் நடத்திய ஆய்வுகள், கிராமத்தில் வயல்வேலை செய்கிறவர்களிடம்கூட வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருப்பதைக் காட்டின. நகரத்தவரைவிட அவர்கள் மேல், அவ்வளவே.

காரணத்தைப் புதுக்கோட்டையின் எந்தக் கண்மாய்க் கரையிலும் பார்க்கலாம். நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்து வரை பொத்தான் மாட்டியிருப்பார்கள். தலையில் துண்டு, அதன் முனை காதையும் கழுத்தையும் சுற்றிச் செருகப்பட்டிருக்கும். நாள் முழுதும் வெயிலில் நின்றாலும் வெயில் படுவது முகத்திலும் கை மணிக்கட்டுக்குக் கீழேயும் மட்டும். கீரமங்கலம் பக்கத்தில் பூப்பறிக்கிறவர்கள் விடியுமுன் தோட்டத்தில் இறங்கி வெயில் ஏறும் முன்பே மூட்டை கட்டிவிடுகிறார்கள். இதற்கு மேல் கருத்த தோலின் மெலனின் ஒரு பங்கைத் தடுத்துவிடும். வெள்ளைத் தோலுக்குப் பத்து நிமிடம் போதுமென்றால் நம் தோலுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

இளங்காலை வெயில்தான் வைட்டமின் டி தரும் என்ற பரவலான பேச்சு தவறு. விடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வரும் ஒளி சாய்வாக, காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. புற ஊதா பி கதிர் வழியிலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். திருப்பதி ஆய்வில் பகல் 11 மணி முதல் 2 மணி வரைதான் உற்பத்தி உச்சத்தில் இருந்தது. கடிகாரமே வேண்டாம் என்றால் நிழலைப் பார்க்கலாம். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயன்படும் நேரம். மார்கழியில் அது 10 மணிக்கு மேல் 2 மணிக்குள், மற்ற மாதங்களில் அதைவிடச் சற்று நீளும். முகம் அல்லாமல் கை, கால், முதுகு என்று பரந்த தோலில் 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் சில நாள் பட்டால் நல்லது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவதில் பயனில்லை. கண்ணாடி இந்தக் கதிரை விடாது. நேரம் நீண்டாலும் வெயிலால் வைட்டமின் டி நச்சளவுக்கு ஏறாது, மிகையானதைத் தோலே சிதைத்துவிடும்.

குடல் அழற்சி உள்ளவருக்கு இந்தப் பொது அறிவுரையை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. அசதையோபிரின் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது என்பதால் கடும் வெயிலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சல்ஃபாசலசின், பௌத்திரத்துக்குக் கொடுக்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை சிலருக்கு வெயில் பட்ட இடத்தில் தடிப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். கருத்த தோலுக்கு இந்த ஆபத்து குறைவு என்றாலும், இந்த மருந்துகளில் இருப்பவர் வெயில் காய்வதை நம்பாமல் மாத்திரையை நம்புவதே சரி. மருந்துச் சீட்டைக் காட்டி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

நோய் கிளம்பியிருக்கும் நேரத்தில் கத்திரி வெயில் தனி ஆபத்து. நாளைக்கு ஏழெட்டு முறை வெளியே போகிறவர் உடம்பில் தண்ணீரும் உப்பும் ஏற்கெனவே வடிந்திருக்கும். அந்த நிலையில் மே மாதத்து உச்சி வெயிலில் அரை மணி நேரம் நின்றால் மயக்கமே மிஞ்சும். சித்திரை, வைகாசியை விட்டுவிட்டு, நோய் அடங்கியிருக்கும் ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களை வெயிலுக்கு வைத்துக்கொள்வது இந்த மாவட்டத்துக்குப் பொருந்தும் ஏற்பாடு. இந்நோயோடு வாழும் இக்கட்டுரையாளரின் அனுபவத்தில், இடம் தேர்வது நேரம் தேர்வதைவிட முக்கியமாக இருந்தது. அவசரமாக ஓட வேண்டியிருக்கும் என்ற பயம் உள்ளவர் மைதானத்துக்குப் போக மாட்டார்; வீட்டுக் கொல்லைப்புறமோ மொட்டை மாடியோதான் நடக்கும். பெண்களுக்கு மாடியில் மறைவு வேண்டும். கொடியில் காயப்போட்ட இரண்டு புடவைகளே அந்த மறைவைத் தந்துவிடுகின்றன.

சாப்பாட்டில் வைட்டமின் டி தருபவை குறைவு. கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி வட்டாரத்தில் விலை மலிவாகக் கிடைக்கும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற நெய்ச்சத்து மீன்கள் இதில் முதலிடம். வஞ்சிரம் வாங்க முடியவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. குடல் புண்ணாக இருக்கும்போது காரமும் புளியும் தூக்கலான குழம்பு சேராது. இட்லித் தட்டில் மஞ்சளும் உப்பும் தடவி அவித்த மீன் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தராது. முட்டையின் மஞ்சள் கருவில் ஒன்றுக்கு 40 யூனிட் அளவில் இருக்கும். மஞ்சளை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறவருக்கு வைட்டமின் டி கிடைக்காது.

பால் பாக்கெட்டில் நீல நிறத்தில் '+எஃப்' குறி இருந்தால் வைட்டமின் ஏயும் டியும் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரைதான் சேர்ப்பார்கள். ஒரு டம்ளரில் கிடைப்பது சுமார் 50 யூனிட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு நாளுக்கு 600 யூனிட். பாலால் மட்டும் அதை எட்ட முடியாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. நோய் கிளம்பிய நாட்களில் பால் சேராதவர் உண்டு. தயிரும் மோரும் அவர்களில் பலருக்குச் சேரும். கறந்த பாலைத் துணை உணவாக நம்புகிற கிராமத்து வீடுகள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கறந்த பாலில் கால்சியம் உண்டு, வைட்டமின் டி மிகச் சொற்பம்.

கால்சியத்துக்குக் கேழ்வரகைவிட நல்ல தானியம் கிடையாது. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புளிக்க வைத்தால் அந்தப் பிடி தளரும். முதல்நாள் கரைத்து வைத்து மறுநாள் காய்ச்சும் கூழ் அந்த வகையில் மாவைக் கிண்டிக் களியாக்குவதைவிட மேல். குரோன் நோயால் குடல் சுருங்கியவர்கள் மட்டும் வடிகட்டிய கேழ்வரகுப் பாலாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். அவர்கள் வடகாட்டுப் பலாச் சுளையையும் கைகூப்பி அனுப்பிவிடுவது நல்லது. நார் திரண்டு குடலை அடைத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்.

பழைய சோறு பற்றி ஒரு சொல். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில், மாநிலத் திட்டக் குழுவின் உதவியோடு, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு தரும் பயன் பற்றிய ஆய்வு தொடங்கப்பட்ட செய்தி 2021இல் வந்தபோது, இந்த மாவட்டத்து வீடுகளில் அது மகிழ்ச்சியோடு பேசப்பட்டது. நீராகாரத்தில் உள்ள நல்ல பாக்டீரியாவும் எளிதில் செரிக்கும் தன்மையும் குடலுக்கு உகந்தவை என்பதே அந்த ஆய்வின் அடிப்படை. அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். அதில் வைட்டமின் டி இல்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் பழைய சோற்றை நம்பியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்தும் உண்டு.

வெயிலும் சாப்பாடும் போதாததால், வைட்டமின் டி குறைவைச் சரிசெய்யப் பெரும்பாலான நோயாளிகளுக்கு மருந்துதான் வழி. ரத்தத்தில் மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. 20க்கும் 30க்கும் இடையில் இருந்தால் போதுமா போதாதா என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு உண்டு. குடல் அழற்சி உள்ளவர்களுக்கு 30ஐத் தாண்ட வைப்பதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். வழக்கமாக எழுதித் தருவது 60,000 யூனிட் கொண்ட பொடியோ மாத்திரையோ, வாரம் ஒன்று, எட்டு வாரம்; பிறகு மாதம் ஒன்று.

இங்கேதான் கவனம் தேவை. மாத்திரை என்றால் தினம் என்று பழகிய வீடுகளில் வாரம் ஒன்று என்ற மருந்தைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுவிடுவது நடக்கிறது. எட்டு வாரத்துக்கு உரியது எட்டே நாளில் தீர்ந்துவிடும். அதோடு நிற்காமல் கடையில் மேலும் வாங்கிச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மனக் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். சிறுநீரகம் கெட்டுப்போகும் அளவுக்கும் போகலாம். சண்டிகர் ஆய்வில் தினமும் கொடுத்தார்களே என்று யாரும் வீட்டில் முயலக் கூடாது. அது மருத்துவர் கண்காணிப்பில், குறிப்பிட்ட நாளோடு நின்றது. எளிய வழி, ஊரில் சந்தை கூடும் கிழமையை மருந்துக் கிழமையாக வைத்துக்கொள்வது. அந்தக் கிழமையை வீட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். காலண்டர் தாளில் எட்டு வாரத்துக்கும் வட்டம் போட்டு, சாப்பிட்டதும் அடித்துவிட வேண்டும்.

வெறும் வயிற்றில் சாப்பிட்டால் ஒரு பகுதி வீணாகும். எண்ணெயோ நெய்யோ உள்ள பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு, பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எடுக்க வேண்டும். பொடியைப் பாலில் கலக்கச் சொல்வதும் கொழுப்புக்காகத்தான். பால் சேராதவர் வேறு சாப்பாட்டோடு எடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் கால்சியம் மாத்திரையில் 250 யூனிட் வைட்டமின் டி சேர்ந்திருக்கிறது. வீட்டில் மிஞ்சியிருக்கும் அந்த மாத்திரையைப் பொடிக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு, 'டி மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று சொல்லிவிட்டால் மருத்துவரின் கணக்கு தப்பும். சிறுகுடலை வெட்டி எடுத்தவர்களுக்கும், எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறாதவர்களுக்கும் அளவைக் கூட்டவோ ஊசியாகப் போடவோ மருத்துவர் முடிவு செய்வார். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்காத வரை ஏறியதா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது.

முன்னே சொன்ன காசநோய்த் தொடர்பு இதுதான். காசநோய்க் கட்டிகளில் உள்ள செல்கள் சிறுநீரகத்தைக் கேட்காமல் தாங்களே வைட்டமின் டியைச் செயல்படும் ஹார்மோனாக மாற்றக்கூடியவை. குரோன் நோயா குடல் காசநோயா என்று தெளியாத கட்டத்தில் பெரிய அளவு வைட்டமின் டி கொடுத்தால் சிலருக்குக் கால்சியம் திடீரென்று ஏறும். மறுபுறம், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் வைட்டமின் டியைச் சீக்கிரம் சிதைக்கும். எனவே காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் அப்படியே. குரோன் நோயாளிகளுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம்.

வைட்டமின் டியைக் கவனிக்க மிக அவசரமான காரணம் ஸ்டீராய்டு. நோய் கிளம்பியதும் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் சில நாட்களிலேயே ரத்தப்போக்கை நிறுத்திவிடும்; நோயாளிக்கு உயிர் வந்தது போலிருக்கும். பசி எடுக்கும், முகம் பூரிக்கும். அதே மருந்து எலும்பை அரிக்கிறது, அதுவும் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் மிக வேகமாக. அதனால் ஸ்டீராய்டு தொடங்கும் நாளிலேயே கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ந்து தொடங்குவது முறை. சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தானாகவே ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடும் பழக்கம்தான் இருபத்தைந்து வயதில் முதுகெலும்பு நொறுங்குவதற்கு வழி. சாப்பிட்டுக்கொண்டிருப்பதை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இடுப்பிலும் தொடையிலும் ஆழ்ந்த வலி, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமை, படி ஏறும்போது தளர்ச்சி என்பன வைட்டமின் டி கடுமையாகக் குறைந்ததன் அடையாளங்கள். இவற்றை வாயு என்றும் களைப்பு என்றும் ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது.

வைட்டமின் டி அளவு மட்டும் பார்த்துக் குடலின் நிலையை அறிய முடியாது. அழற்சி இருக்கிறதா என்பதை மலத்தில் அளக்கும் கால்புரொடெக்டின் பரிசோதனையும் ரத்தத்தில் சி.ஆர்.பி. பரிசோதனையும் காட்டும். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, வைட்டமின் பி12 மூன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டவருக்கு டியைப் போலவே பி12உம் ஏறாது. புதுக்கோட்டைக்கு அருகே முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017இல் வந்த பிறகு முதற்கட்டப் பரிசோதனைகளுக்கு வெளியூர் ஓட வேண்டிய நிலை மாறியிருக்கிறது. குடல் நோய் நிபுணரிடம் மேல்சிகிச்சைக்குத் திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று போகிறவர்கள் எல்லாச் சீட்டுகளையும் தேதி வரிசைப்படி ஒரே பையில் வைத்திருந்தால் அதே பரிசோதனைக்கு இரண்டாவது முறை பணம் கட்ட நேராது.

மலத்தில் ரத்தமோ சளியோ இரண்டு வாரத்துக்கு மேல் போனாலும், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், மூலம் என்று யார் சொன்னாலும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். கடும் காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிறு உப்பிக் கல்லாதல், நாளைக்கு ஆறு முறைக்கு மேல் ரத்தக் கழிச்சல் என்று வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.